பல்லுக்குள் இருக்கும் வைப்பு

'வங்கி' என்னும் சொல் எங்கள் தொழிலின் எல்லையைக் கடந்து நெடுநாளாயிற்று. குருதி வங்கி, கண் வங்கி, தாய்ப்பால் வங்கி, விதை வங்கி என்று அது சென்ற இடமெல்லாம் நற்பெயரே பெற்றிருக்கிறது. அண்மைக் காலத்தில் அச்சொல் இன்னோர் இடத்திலும் வந்து அமர்ந்திருக்கிறது. குழந்தையின் விழுந்த பாற்பல்லையோ, இளைஞரின் பிடுங்கப்பட்ட ஞானப்பல்லையோ பெற்றுக்கொண்டு, அதனுள் இருக்கும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் பல்லாண்டுகள் காத்துத் தருவதாகக் கூறும் 'பல் வங்கி'யே அது. விளம்பரங்களில் ஸ்டெம் செல் என்று குறிப்பிடப்படுவதையே தமிழில் குருத்தணு என்கிறோம்.

அந்த விளம்பரங்களின் வாதம் மிக எளிது. வயது ஏற ஏறக் குருத்தணுக்கள் வலுவிழக்கின்றன. ஆகவே இளமையிலேயே அவற்றைச் சேமித்துவிடுங்கள் என்பதுதான். இதில் முற்பாதி அறிவியல், பிற்பாதி வணிகம். வணிகவியல் படித்து இருபதாண்டுகளுக்கு மேலாக வைப்புக் கணக்குகளோடு பழகியவன் என்ற முறையில் பிற்பாதியை ஆராய எனக்கு ஓரளவு உரிமையுண்டு. முற்பாதியைப் புரிந்துகொள்ளப் பல் மருத்துவ நண்பர் ஒருவரின் பொறுமையும் சில மாத வாசிப்பும் தேவைப்பட்டன. வாசித்த பிறகு தோன்றியது இதுதான்: முற்பாதியே சொல்லப்படும் அளவுக்கு எளிதானதன்று.

கூழுக்குள் காத்திருக்கும் அணுக்கள்

பல்லை நாம் எலும்பைப் போன்ற ஒரு கடினப் பொருளாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். வெளியே தெரியும் எனாமல் உண்மையில் அப்படிப்பட்டதுதான். நம் உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதை உருவாக்கிய அணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. ஆனால் எனாமலுக்கு அடியில் டென்டின் என்னும் அடுக்கும், அதற்கும் உள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பற்கூழும் இருக்கின்றன. பற்கூழின் விளிம்பில் வரிசையாக நிற்கும் ஒருவகை அணுக்கள் வாழ்நாள் முழுவதும் டென்டினைச் சிறிது சிறிதாகப் படியவைத்துக்கொண்டே இருக்கின்றன. சொத்தையாலோ அடிபட்டோ அந்த அணுக்கள் மடிந்தால், கூழுக்குள் அடங்கியிருக்கும் குருத்தணுக்கள் விழித்தெழுந்து பெருகி, அவற்றின் இடத்தை நிரப்பி, காயத்தின் மேல் புதிய டென்டினால் ஒரு தடுப்பு எழுப்புகின்றன. பழுதுபார்க்கும் பணியாளர்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது போன்ற ஏற்பாடு.

இந்தப் பணியாளர்களை முதன்முதலில் அடையாளம் கண்டவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதஸ்தா நகரிலுள்ள தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள். ஸ்டான் கிராந்தோஸ், சோங்டாவ் ஷி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில், வயது வந்தோரின் ஞானப்பற்களிலிருந்து இவ்வணுக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எலியின் உடலில் பொருத்தியபோது அவை டென்டினையும் கூழையும் ஒத்த ஒரு திசுவை உருவாக்கின.

மூன்றாண்டுகள் கழித்து வந்த அடுத்த கண்டுபிடிப்பு ஷியின் வீட்டிலிருந்தே தொடங்கியது. அவருடைய ஆறு வயது மகளின் ஆடிக்கொண்டிருந்த பாற்பல் ஒன்று கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் சிவந்த திசு ஒட்டியிருப்பதைத் தந்தையின் கண் கவனித்தது. பல்லை ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்று பார்த்தார். உள்ளே கூழ் எஞ்சியிருந்தது. அடுத்த பல் விழுந்தபோது, அணு வளர்ப்புக்கான திரவத்தில் இட்டு எடுத்துச் சென்றார். இம்முறை உயிருள்ள குருத்தணுக்கள் கிடைத்தன. ஒரு முன்பல்லுக்கு ஏறத்தாழ 12 முதல் 20 வரை என்ற சொற்ப எண்ணிக்கைதான். ஆயினும் அவை வயது வந்தோரின் பற்கூழ் அணுக்களைவிட விரைவாகப் பெருகின என்று 2003-இல் அக்குழு அறிவித்தது. நம் ஊரில் விழுந்த பாற்பல்லைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவது வழக்கம். உலகெங்கும் ஏதோ ஒரு வகையில் அப்படி எறியப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பொருளுக்குள் உயிர் இருக்கிறது என்பது அன்று பெரும் வியப்பாகவே இருந்திருக்கும்.

பன்னிரண்டு அணுக்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறு 20 முறை இரட்டித்தால் 10 லட்சத்தைத் தாண்டும். 30 முறை இரட்டித்தால் 107 கோடியாகும். ஆய்வகத்தில் தகுந்த ஊட்டத் திரவமும் வெப்பமும் கொடுத்தால் இது நடக்கிறது. ஆனால் நம் வைப்புக் கணக்குக்கும் உயிரணுவுக்கும் இங்கேதான் ஒரு பெரிய வேறுபாடு. வட்டி வளர்வதற்கு உச்சவரம்பு கிடையாது. அணு இரட்டிப்பதற்கு உண்டு. லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-இல் மனிதத் தோல் முதலிய திசுக்களில் காணப்படும் சாதாரண அணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுவதைக் கண்டறிந்தார்கள். அதன் காரணங்களுள் முதன்மையானது பின்னாளில் தெரியவந்தது. குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்னும் காப்புப் பகுதி உண்டு. காலணிக் கயிற்றின் முனை பிரியாமல் இருக்கப் போடப்படும் பூணைப் போன்றது அது. ஒவ்வொரு பிரிவின்போதும் அந்த முனை சற்றே குறைகிறது. மிகவும் குறைந்துவிட்டால் அணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. டெலோமியர் குறித்த ஆய்வுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குருத்தணுக்களுக்கு இந்த வரம்பு சாதாரண அணுக்களைவிடத் தாராளமானது, ஆனால் எல்லையற்றதன்று.

முதுமை பல்லுக்குள் எப்படி நுழைகிறது

முதுமையின் முதல் அடையாளம் அணுவில் இல்லை, அறையில் இருக்கிறது. டென்டின் வாழ்நாள் முழுவதும் படிந்துகொண்டே இருப்பதால், கூழ் குடியிருக்கும் அறை ஆண்டுதோறும் சிறிதளவு சுருங்குகிறது. பதின்மூன்று வயதுச் சிறுமியின் முன்பல்லை எக்ஸ்ரேயில் பார்த்தால் நடுவில் அகன்ற கருநிழல் தெரியும். அதே பல்லை அறுபது வயதில் பார்த்தால் அது ஒரு கோடாக மெலிந்திருக்கும். வயதானவர்களுக்கு வேர் சிகிச்சை செய்யும்போது கால்வாயைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலையாகிவிடுகிறது என்று மருத்துவ நண்பர் சொன்னார்.

அறை சுருங்கும்போது குடியிருப்போரும் குறைகிறார்கள். அணுக்களின் அடர்த்தி தாழ்கிறது; நாரிழைகள் மிகுகின்றன; இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் எண்ணிக்கையில் குறைகின்றன; சுண்ணாம்புத் துகள்கள் ஆங்காங்கே படிந்து 'கூழ்க் கற்கள்' ஆகின்றன. இன்னொரு மாற்றம் இவை எல்லாவற்றுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. முளைத்த புதிதில் நிரந்தரப் பல்லின் வேர் நுனி புனல் போல் திறந்திருக்கும். முளைத்த மூன்று ஆண்டுகளுக்குள் அது ஏறக்குறைய மூடிக்கொண்டு, ஊசிமுனை அளவு துளையாகிவிடும். அதன் பிறகு பல்லுக்குள் செல்லும் இரத்தம் முழுவதும் அந்தச் சிறு வாயில் வழியாகவே செல்ல வேண்டும். பல்லைப் பொறுத்தவரை 'முதுமை' ஒரு வகையில் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி அணுவின் நிலை. முதியோரின் பற்கூழிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கையில் கிடைக்கும் எண்ணிக்கை குறைவு. கிடைத்தவை மெதுவாகப் பெருகுகின்றன. சில அணுக்கள் பருத்து, தட்டையாகி, பிரிவதையே நிறுத்திவிடுகின்றன. பணி ஓய்வு பெற்ற அணுக்கள் என்று அவற்றைச் சொல்லலாம். ஆனால் அமைதியாக ஓய்வெடுப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, அக்கம்பக்கத்தில் நல்ல நிலையில் உள்ள அணுக்களையும் தளர்த்திவிடுகின்றன. அணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியா பழுதடைவதும் இதற்குத் துணைபோகிறது. வேரைத் தாடை எலும்போடு இணைக்கும் நாரிழைத் திசுவிலும் 2004-இல் குருத்தணுக்கள் கண்டறியப்பட்டன. அவற்றிலும் இதே தளர்ச்சி காணப்படுகிறது.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் விளம்பரம் சொல்வது முழுக்கச் சரி என்றே ஆகிவிடும். ஆய்வுகள் அங்கே நிற்கவில்லை.

விதையா, நிலமா

ஜப்பானில் அய்ச்சி மாநிலத்தின் ஓபு நகரில் முதியோர் நலத்துக்கான தேசிய ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. முதியோர் மையத்தில் பல் ஆய்வுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்னும் இலக்கோடு '8020' இயக்கத்தை 1989-இல் தொடங்கிய நாடு அது. 80 வயதை எட்டியோரில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கை அடைந்துவிட்டதாக 2016-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டியது. அங்கே முதியவரின் பல்லைக் காப்பது ஒரு தேசியக் கவலை.

அம்மையத்தில் மிசாகோ நகாஷிமாவின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில், நாய்களின் பற்கூழை முழுவதும் அகற்றிவிட்டு, குருத்தணுக்களைச் செலுத்தி, மீண்டும் கூழ் வளர்கிறதா என்று பார்த்தார்கள். வளர்ந்தது, ஆனால் முதிய நாய்களில், இளைய நாய்களைவிடக் குறைவாகவே வளர்ந்தது. வயது மீளுருவாக்கத்தைக் குறைக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. மற்றோர் ஆய்வில், மனிதப் பற்கூழிலிருந்து ஒரு தூண்டுபொருளை நோக்கி விரைந்து நகரும் இயல்புடைய அணுக்களை மட்டும் சலித்தெடுத்தார்கள். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட அணுக்களின் பெருகும் திறனும், நகரும் திறனும், திசுவைப் புதுப்பிக்கும் திறனும் கொடையாளரின் வயதைச் சார்ந்திருக்கவில்லை. முதியவரிடமிருந்து எடுத்தவையும் இளையவரிடமிருந்து எடுத்தவற்றுக்கு ஈடாகவே இருந்தன.

இரண்டும் முரண்படுவது போல் தோன்றுகின்றன. வேளாண் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் முரண்பாடு தோன்றாது. விதை நன்றாயிருந்தும் நிலம் களைத்திருந்தால் விளைச்சல் குறையும். முதிய பல்லுக்குள் நல்ல அணுக்கள் இன்னும் இருக்கின்றன; எண்ணிக்கையில் குறைவு, தேடி எடுக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அவற்றை வரவேற்று இரத்தமும் ஊட்டமும் சைகைகளும் தர வேண்டிய சுற்றுப்புறம் வறண்டிருக்கிறது.

இதை மறுபக்கத்திலிருந்து காட்டிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. முதியோரின் வேர்நார்க் குருத்தணுக்களை, இளம் அணுக்கள் வளர்ந்த ஊட்டத் திரவத்தில் வளர்த்தபோது, இழந்த திறனில் ஒரு பகுதியை அவை மீட்டுக்கொண்டன. அணுக்களுக்கும் கூட்டுறவு முக்கியம் போலும்.

என் பார்வையில் இந்தத் துறையில் இதுவரை கிடைத்த மிக முக்கியமான செய்தி இதுவே. வயதின் இழப்பை அணுவின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. அணு வாழும் இடத்தின் கணக்கிலும் பாதியை எழுத வேண்டும். அப்படியானால் ஏழு வயதில் உறைய வைத்த அணுவை ஐம்பது வயதில் எடுத்தாலும், அதை இறக்கிவைக்கும் நிலம் ஐம்பது வயதினுடையதாகவே இருக்கும். விதையை மட்டும் குளிரூட்டிக் காக்க முடியும். நிலத்தை எந்த நைட்ரஜன் தொட்டியும் காக்காது.

மருத்துவமனையில் இதுவரை

மனிதரில் நடந்த சோதனைகளுள் பெரிதும் பேசப்பட்டது சீனாவின் சியான் நகரில் நடந்தது, 2018-இல் வெளியானது. கீழே விழுந்து அடிபட்டு முன்பல்லின் கூழ் அழுகிப்போன 40 சிறுவர் சிறுமியர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 30 பேருக்கு அவர்களுடைய சொந்தப் பாற்பல்லிலிருந்தே குருத்தணுக்களை எடுத்து, பெருக்கி, அடிபட்ட பல்லுக்குள் பொருத்தினார்கள். எஞ்சிய 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. அணு பொருத்தப்பட்ட பற்களில் ஓராண்டில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பின. நின்றுபோயிருந்த வேர் மேலும் நீண்டு வளர்ந்தது. இரண்டாண்டுகள் வரை கண்காணிக்கப்பட்டவர்களிடம் தீய விளைவு எதுவும் தென்படவில்லை. இக்குழந்தைகளின் பற்களோ, வேர் நுனி இன்னும் மூடாத இளம் பற்கள். அணுக்களும் பல்லாண்டுச் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல.

வயது வந்தோரிடம் நடந்த சோதனை மிகச் சிறியது. நகாஷிமாவின் குழு 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் ஐவர் மட்டுமே இருந்தனர். அவர்களுடைய வேறொரு பல்லிலிருந்து எடுத்த அணுக்களைப் பெருக்கி, கூழ் நீக்கிய பல்லுக்குள் வைத்து, 24 வாரங்கள் கண்காணித்தார்கள். நால்வருக்கு நான்கு வாரங்களிலேயே மின் உணர்வுச் சோதனையில் பல் பதிலளித்தது. பாதுகாப்பு பற்றி நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம். ஐவரை வைத்து அதற்கு மேல் சொல்வது முறையாகாது.

இன்னொரு வழியும் உண்டு. ஆய்வகமும் சேமிப்பும் எதுவும் தேவைப்படாத வழி. பாங்க்ஸ், ட்ரோப் ஆகிய இருவரும் 2004-இல் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் பல்லில் இதைச் செய்து காட்டினார்கள். பல்லின் உட்புறத்தைக் கிருமி நீக்கிச் சுத்தப்படுத்தியபின், வேர் நுனியைத் தாண்டி மெல்லக் கீறி, உள்ளே சிறிது இரத்தம் நிரம்பச் செய்கிறார்கள். அந்த இரத்தக் கட்டியோடு வேர் நுனிப் பகுதியிலுள்ள குருத்தணுக்களும் தாமாகவே உள்ளே வந்து சேர்கின்றன. வேர் நுனி திறந்த இளம் பற்களுக்கு இது இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. நுனி மூடிய முதிர்ந்த பற்களில் அத்தனை எளிதன்று.

ஒரு தொடர் வைப்பின் கதை

இப்போது வணிகப் பகுதிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கிளையில் ஒரு தம்பதியர் தங்கள் தொடர் வைப்புக் கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரக் கேட்டு வந்தார்கள். காரணம் கேட்பது எங்கள் வழக்கம். சில நேரங்களில் வைப்பின் மீது கடன் பெறுவது அவர்களுக்கு ஆதாயமாக இருக்கும். ஏழு வயது மகளின் பல்லைச் சேமிக்க முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். "எங்க காலத்துல இப்படி ஒரு வசதி இல்லை சார். பிள்ளைக்காவது இருக்கட்டுமே" என்றார் அந்தத் தாய். இந்த ஒரு சொற்றொடரைக் குறிவைத்தே அத்தகைய கையேடுகள் எழுதப்படுகின்றன என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பெற்றோர் மனம் அப்படிப்பட்டது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வைப்பை ஏற்க வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் உரிமம் வேண்டும். வைப்பாளர் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. முதிர்வில் என்ன தொகை கிடைக்கும் என்பது முதல் நாளே தாளில் எழுதப்படுகிறது. பல் வங்கிக்கு இவற்றுள் எது இருக்கிறது?

உரிமத்திலிருந்து தொடங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2017-இல் வெளியிட்ட குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன. தொப்புள்கொடிக் குருதியைச் சேமிப்பது ஒன்றுக்கு மட்டுமே இந்நாட்டில் இசைவும் உரிமமும் உண்டு. பல், தொப்புள்கொடித் திசு, நஞ்சுக்கொடி, மாதவிடாய்க் குருதி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவனவற்றை வணிக நோக்கில் சேமிக்க அந்நெறிகள் இசையவில்லை. குருத்தணுச் சிகிச்சையிலும் இதே கண்டிப்பு உண்டு. குறிப்பிட்ட சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு எலும்பு மஜ்ஜை வகைக் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்துவது ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏனைய எல்லாமும் முறையாகப் பதிவுசெய்யப்பட்ட மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்கலாம். அத்தகைய சோதனைகளின் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. யாரேனும் குருத்தணுச் சிகிச்சை தருவதாகச் சொன்னால், பதிவு எண்ணைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

காப்புறுதி அடுத்தது. முப்பதாண்டுகள் ஒரு தொட்டியின் வெப்பநிலை ஒரு நாளும் தவறாமல் காக்கப்பட வேண்டும். கண்டிப்பான ஒழுங்குமுறைக்குப் பெயர்பெற்ற சிங்கப்பூரிலேயே, உரிமம் பெற்ற தனியார் தொப்புள்கொடிக் குருதி வங்கி ஒன்றின் தொட்டிகளில் வெப்பநிலை தவறியதால், 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேமித்து வைத்த குருதி பயனற்றுப்போனது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2023-இல் அறிவித்தது. உரிமமும் ஆய்வும் உள்ள இடத்திலேயே இது நேர்ந்திருக்கிறது.

முதிர்வுத் தொகையைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் 30 ஆண்டுகள் இருந்தால் அது ஏறத்தாழ 3,80,000 ரூபாய் ஆகும். வட்டி விகிதம் மாறும், வரி உண்டு என்பதெல்லாம் சரி. எனினும் அந்தப் பணத்தைக் கொண்டு அந்தக் காலத்தில் கிடைக்கும் எந்தச் சிகிச்சையையும் பெறலாம். உறைந்த அணு ஒரே ஒரு வகைச் சிகிச்சைக்கு மட்டுமே உதவும். அதுவும் அந்தச் சிகிச்சை வந்திருந்தால், உடலின் நிலம் ஏற்றால். மேலும், நகாஷிமாவின் ஆய்வு காட்டியதுபோல, அன்றைக்கு உங்கள் மகளின் வாயிலுள்ள பல் ஒன்றிலிருந்தே நல்ல அணுக்களைத் தேர்ந்தெடுக்கக்கூடுமானால், முப்பதாண்டுச் சேமிப்பின் தேவை என்ன என்ற கேள்வியும் எழுகிறது.

அந்தத் தம்பதியர் கணக்கை முடிக்கவில்லை. நான் அப்போது இவ்வளவு விரிவாக எதுவும் சொல்லிவிடவில்லை. கணக்கை முடித்தால் இழக்கும் வட்டியை மட்டும் எழுதிக் காட்டினேன்.

வாயில் உள்ள வைப்பு

சேமிப்பு வேண்டாம் என்றால் முதிய பல்லின் அணுக்களால் இன்று யாருக்கும் பயனில்லை என்று பொருளாகாது. பயன் ஏற்கெனவே நம் பல் மருத்துவரின் நாற்காலிக்கு வந்துவிட்டது. அதற்கு யாரும் குருத்தணு என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் வயது வந்தோரின் பல்லில் சொத்தை கூழைத் தொட்டுவிட்டால் கூழ் முழுவதையும் அகற்றி வேர் சிகிச்சை செய்வதே வழி. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் 1990-களில் எம்.டி.ஏ. என்னும் ஒருவகைச் சிமென்ட் உருவாக்கப்பட்டது. அதையும் அதன் வழிவந்த பொருள்களையும் கொண்டு, கெட்டுப்போன கூழை மட்டும் நீக்கி, எஞ்சியதை மூடிவிட்டால், உள்ளிருக்கும் அணுக்கள் அந்த மூடிக்குக் கீழே டென்டின் தடுப்பை எழுப்பிக்கொள்கின்றன. தொடக்கத்தில் சிறுவர் பற்களுக்கே இது உரியது என்று கருதினார்கள். இப்போது தகுந்த நிலையிலுள்ள முதிர்ந்த பற்களுக்கும் இதை எண்ணிப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர் சங்கங்கள் அண்மை ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டுள்ளன. எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. கூழ் முழுவதும் அழுகிய பின் பயனில்லை. வலி பொறுக்க முடியாமற்போகும் வரை மாத்திரையில் காலம் தள்ளிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப்போகிறது. கூச்சம் தோன்றிய முதல் சில நாள்களில் மருத்துவரிடம் செல்பவர், தம் பல்லின் குருத்தணுக்களுக்கு வேலை செய்ய அவகாசம் கொடுக்கிறார். "கூழைக் காப்பாற்ற வழியுண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி. விளையாட்டில் விழுந்து நிரந்தரப் பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டால், அதன் வேரின் மேல் ஒட்டியிருக்கும் நாரிழைகளில் முன்பு சொன்ன குருத்தணுக்கள் உயிரோடு இருக்கின்றன. காற்றில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மடிந்துவிடும். ஆகவே பல்லை வேர்ப்பக்கம் தொடாமல், கடிக்கும் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் சில நொடிகள் மட்டும் அலசலாம். தேய்க்கக்கூடாது, துணியிலோ காகிதத்திலோ பொதியக்கூடாது. குழியிலேயே திரும்பப் பொருத்த முடிந்தால் அதுவே மிக நல்லது. இயலாவிட்டால் ஒரு குவளை காய்ச்சி ஆறிய பாலில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சென்று சேர வேண்டும். பாற்பல்லாக இருந்தால் மட்டும் திரும்பப் பொருத்த முயலக்கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் முளைக்கு அது தீங்கு செய்யும்.